கூலியா? கிருபையா?

சில மாதங்களுக்கு முன், ஓர் அஸர் தொழுகைக்குப் பின் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் பள்ளிவாசல் தூணோரம் நமக்காகக் காத்திருந்தார். முகம் வாடியிருந்தது. ஸலாம் கூறி அமர்ந்ததும் மெல்லப் பேசத் தொடங்கினார்.

"ஹஜ்ரத், உம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். பத்து நாளாகிறது. நோயைவிட வேறொரு கவலைதான் அவர்களை வாட்டுகிறது. பிள்ளைகளை வளர்த்த காலத்தில் விட்டுப்போன தொழுகைகளை நினைத்து இரவெல்லாம் அழுகிறார்கள். 'என்னிடம் என்ன இருக்கிறது? எதைக் கொண்டு போய் அவன் முன்னால் நிற்பேன்?' என்றே கேட்கிறார்கள். நேற்று இரவு அங்கிருந்த நர்சம்மா, அவர் கிறிஸ்தவர், உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, 'நாம் செய்ததை வைத்தா கடவுள் நம்மைச் சேர்த்துக்கொள்கிறார் அம்மா? எல்லாம் அவர் கிருபைதானே!' என்றார். உம்மா அழுகையை நிறுத்தி உறங்கிவிட்டார்கள். எனக்குத்தான் உறக்கம் வரவில்லை. மாற்று மார்க்கத்தார் சொன்ன சொல்லில் உம்மா ஆறுதல் அடைந்தது அவர்கள் ஈமானுக்குப் பழுதாகிவிடுமா?"

இக்கேள்விக்கு உடனே பதில் சொல்ல நமக்கு நா எழவில்லை. காரணம் உண்டு. கிறிஸ்தவ மார்க்கத்தின் ஈடேற்றக் கொள்கையைப் பற்றி மிம்பரில் நின்று நாமும் ஒரு காலத்தில் இளக்காரமாகப் பேசியதுண்டு. "இயேசுவை நம்பிவிட்டால் போதும், பிறகு எந்தப் பாவமும் செய்யலாம் என்பதே அவர்கள் கொள்கை" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லி முடித்திருக்கிறோம். கேட்டவர்கள் தலையசைத்தார்கள். ஆனால், அவர்களுடைய நூல்களையும் வரலாற்றையும் பொறுமையாகப் படித்த பிறகே நாம் சொன்னது நீதியன்று என்று உணர்ந்தோம். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்ற கருத்தில் வல்ல அல்லாஹ் தன் திருமறையில் (5:8) எச்சரித்திருக்க, ஒருவர் சொல்லாததைச் சொன்னதாகக் கூறி வெல்வது வெற்றியாகுமா? ஆகவே, அந்தச் சகோதரருக்கு நாம் கூறிய பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறோம். அவர் வீட்டுக் கேள்வி நம் எல்லோர் வீட்டுக் கேள்வியும்தான்.

இரண்டு நிருபங்கள், ஒரே நபி

கிறிஸ்தவர்களின் புதிய ஏற்பாட்டில் நான்கு சுவிசேஷங்களுக்குப் பின் பல நிருபங்கள், அதாவது கடிதங்கள், இடம்பெற்றுள்ளன. அவற்றில் பவுல் ரோமாபுரியாருக்கும் கலாத்தியருக்கும் எழுதியவை இப்பொருளில் முக்கியமானவை. மூஸா (அலை) அவர்களின் ஷரீஅத்துச் சட்டங்களை நிறைவேற்றுவதால் எவரும் இறைவன் முன் நீதிமானாக ஆவதில்லை. விசுவாசத்தாலேயே ஆகிறார் என்பது பவுலின் வாதம். அதற்கு அவர் சான்றாகக் காட்டுவது நம் தந்தை இப்ராஹீம் (அலை) அவர்களை! விருத்தசேதனம் செய்யப்படுவதற்கு முன்பே, இறைவாக்கை நம்பிய காரணத்தால் அவர் நீதிமானாக எண்ணப்பட்டார் என்கிறார்.

யாக்கோபு எழுதியதாகக் கூறப்படும் இன்னொரு நிருபம் இதற்கு மாறாகத் தோன்றும். உடையும் உணவும் இல்லாமல் வந்த ஒருவனிடம், வேண்டியது எதையும் கொடுக்காமல், "சமாதானத்துடன் போய் வா" என்று வாயால் வாழ்த்தி அனுப்புவதால் என்ன பயன் என்று அது கேட்கிறது. செயலில்லாத விசுவாசத்தை உயிர் பிரிந்த உடலுக்கு ஒப்பிடுகிறது. இறைவன் ஒருவன் என்பதை ஷைத்தான்களும் நம்பி நடுங்கத்தானே செய்கின்றன என்றும் இடித்துரைக்கிறது. இப்லீஸின் வரலாற்றை அறிந்த நமக்கு இந்த வாதம் புதிதன்று. அவன் அல்லாஹ்வை அறியாதவனா? அறிந்தும் பணிய மறுத்தவனன்றோ! இந்த நிருபமும் இப்ராஹீம் (அலை) அவர்களையே சான்றாகக் காட்டுகிறது. ஆனால், அவர் நம்பிய நேரத்தை அல்ல. தம் மகனைப் பலிபீடத்தில் வைத்த நேரத்தைக் காட்டுகிறது.

ஒரே நபியின் வாழ்விலிருந்து ஒருவர் நம்பிக்கையை எடுத்தார். மற்றவர் செயலை எடுத்தார். பின்வந்த கிறிஸ்தவ உலகம் இவ்விரண்டையும் ஒரே கையில் பிடிக்க முயன்ற கதைதான் அவர்களுடைய ஈடேற்றச் சர்ச்சையின் கதை. இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கிருபை பெருகட்டும் என்று பாவத்திலேயே நிலைத்திருக்கலாமா என்ற கேள்வியைப் பவுலே எழுப்பி, கூடவே கூடாது என்று மறுத்திருக்கிறார். நாம் மிம்பரில் வைத்த குற்றச்சாட்டுக்கு அவர்கள் நூலே மறுப்புக் கூறிவிட்டதை அன்று நாம் அறியவில்லை.

நல்லதை நாடும் மனம் எங்கிருந்து வந்தது?

ஹிஜ்ரத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன், பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த பெலேஜியஸ் என்ற துறவி அங்குள்ள கிறிஸ்தவர்களின் ஒழுக்கத் தளர்ச்சியைக் கண்டு மனம் நொந்தார். மனிதன் நன்மையைத் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் பெற்றவன், முடியாததை இறைவன் கட்டளையிட மாட்டான், ஆதமின் பாவம் பிள்ளைகளின் தலையில் ஏறுவதில்லை என்று போதித்தார்.

அவரை எதிர்த்தவர் வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவின் அன்னாபா நகரமான ஹிப்போவில் ஆயராக இருந்த அகுஸ்தீன் (354-430). மனிதனின் விருப்பமே நோயுற்றிருக்கிறது. நன்மையை விரும்பும் அந்த விருப்பத்தையே இறைவன்தான் கிருபையால் தருகிறான். அப்படியிருக்க, நான் செய்தேன் என்று மனிதன் மார்தட்ட என்ன இருக்கிறது என்பது அவர் வாதம். 418-ஆம் ஆண்டு கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் மன்றம் பெலேஜியஸின் போதனையைத் தவறெனத் தீர்மானித்தது.

நம் உள்ளம் இவ்விருவரில் யார் பக்கம் சாய்கிறது? ஆதம் (அலை) அவர்கள் தவ்பாச் செய்தார்கள், அல்லாஹ் அதை ஏற்றுக்கொண்டான் என்று திருமறை (2:37) கூறுவதால், பிறவிப் பாவம் என்ற கொள்கை நமக்கில்லை. சக்திக்கு மேல் அல்லாஹ் எவரையும் சிரமப்படுத்துவதில்லை என்பதும் (2:286) நம் கொள்கை. இந்த அளவில் பெலேஜியஸ் நமக்கு அருகில் நிற்கிறார். ஆனால் அகுஸ்தீன் கேட்ட கேள்வியையும் நாம் தள்ளிவிட முடியாது. பாங்கோசை கேட்டு "ஹய்ய அலஸ்ஸலாஹ்" என்று தொழுகைக்கு அழைக்கப்படும்போது நாம் சொல்லும் பதில் என்ன? "லா ஹவ்ல வலா குவ்வத்த இல்லா பில்லாஹ்" என்பதன்றோ! தொழ வருகிறேன் என்று சொல்லும் அந்த நொடியிலேயே, வருவதற்கான ஆற்றல் என்னிடமில்லை, அவனிடமே உள்ளது என்று ஒப்புக்கொள்கிறோம். நாம் தவ்பீக் என்று சொல்வது இதைத்தான்.

எர்ஃபர்ட் மடத்தில் ஓர் அழுகுரல்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தத் தாய் கேட்ட கேள்வியை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் ஓர் இளம் துறவியும் கேட்டார். அவர்தான் மார்ட்டின் லூதர். 1505-இல் எர்ஃபர்ட் நகரத் துறவி மடத்தில் சேர்ந்த அவர் நோன்பு, இரவு வணக்கம், பாவ அறிக்கை என்று தம்மை வருத்திக்கொண்டார். ஆனாலும், செய்தது போதுமா என்ற அச்சம் அவரை விடவில்லை. பிறகு விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் வேத ஆசிரியராகப் பவுலின் நிருபங்களை ஆராய்ந்தபோது, இறைவனின் நீதி என்பது மனிதன் சம்பாதிக்க வேண்டியதன்று, இறைவன் விசுவாசிக்கு இலவசமாக அளிப்பது என்ற முடிவுக்கு வந்தார்.

அக்காலத்தில்தான் ரோமின் புனித பேதுரு ஆலயத்தைப் புதிதாகக் கட்டப் பணம் திரட்டுவதற்காகப் பாவமன்னிப்புச் சீட்டுகள் ஜெர்மனியில் விற்கப்பட்டன. வசூலில் ஒரு பகுதி மைன்ஸ் நகரப் பேராயரின் கடனை அடைக்கவும் போயிற்று. இதிலும் நாம் நீதியுடன் பேச வேண்டும். பணம் கொடுத்தால் பாவமே மன்னிக்கப்படும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் கொள்கையன்று. மனம் வருந்தி அறிக்கை செய்து மன்னிப்புப் பெற்ற பாவத்துக்கும், இம்மையிலோ உத்தரிக்கிற ஸ்தலத்திலோ அனுபவிக்க வேண்டிய தண்டனை மீதமிருக்கும், அந்தத் தண்டனையைக் குறைப்பதே அந்தச் சலுகை என்பதுதான் அவர்களின் கொள்கை. ஆனால் சந்தையில் நின்று சீட்டு விற்றவர்களும் வாங்கிய ஏழை மக்களும் இந்த நுணுக்கத்தையா பார்த்தார்கள்? காசு விழுந்தால் கதவு திறக்கும் என்றே மக்கள் நம்பினர். 1517 அக்டோபர் 31-இல் லூதர் இதனை எதிர்த்து 95 வாதங்களை வெளியிட்டார். 1521-இல் போப்பாண்டவர் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். கிறிஸ்தவ ஐரோப்பா இரண்டாகப் பிளந்தது.

லூதர் தம் கொள்கையில் எவ்வளவு உறுதியாக இருந்தார் என்றால், 1522-இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்தபோது, ரோமர் நிருபத்தில் விசுவாசம் என்ற சொல்லோடு "மட்டும்" என்ற பொருளுள்ள சொல்லைச் சேர்த்தார். யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். இதைக் கொண்டு, அவர் நற்செயல்களையே வேண்டாமென்றார் என முடிவு கட்டினால் அது தவறு. 1520-இல் நற்செயல்களைப் பற்றியே தனி நூல் எழுதியவர் அவர். பழம் மரத்தை நல்ல மரமாக்குவதில்லை, நல்ல மரம்தான் நல்ல பழத்தைத் தருகிறது, அதுபோல் நற்செயல் மனிதனை நல்லவனாக்குவதில்லை, இறையருளால் நல்லவனானவன் நற்செயல் புரியாமல் இருக்க மாட்டான் என்பதே அவர் கூறியதன் கருத்து.

அவரை எதிர்த்த கத்தோலிக்கர்கள், செயலால் சுவனத்தை விலைக்கு வாங்கலாம் என்றார்களா? அதுவுமில்லை. 1545 முதல் 1563 வரை ட்ரெண்ட் நகரில் கூடிய அவர்களின் பொது மன்றம், 1547 ஜனவரியில் வெளியிட்ட தீர்மானத்தில், இறைக் கிருபையின்றித் தன் சொந்தச் செயலால் எவரும் நீதிமானாக முடியாது என்பதை முதலில் வைத்தது. ஆனால் அந்தக் கிருபைக்கு மனிதன் இசைந்து ஒத்துழைக்க வேண்டும், வெறும் நம்பிக்கை மட்டும் போதாது, அன்பும் செயலும் அதனுடன் சேர வேண்டும் என்றும் வலியுறுத்தியது. 1567-இல் ஐந்தாம் பயஸ் என்ற போப்பாண்டவர், பணத்தோடு பிணைந்த பாவமன்னிப்புச் சலுகைகளை ரத்துச் செய்தார்.

ஆக, இரு தரப்பாரும் கிருபையே முதல் என்றார்கள். இரு தரப்பாரும் செயல் வேண்டும் என்றார்கள். செயல் ஈடேற்றத்தின் காரணத்தில் பங்குபெறுகிறதா, அல்லது அதன் விளைவாக மட்டும் நிற்கிறதா என்பதில்தான் பிரிந்தார்கள். அந்தச் சிறு பிளவுக்குள் அரசியலும் அதிகாரமும் புகுந்து பல தலைமுறைகளின் இரத்தத்தைச் சிந்த வைத்தன.

மலிவுச் சரக்கு

விலையில்லாமல் கிடைப்பதை மனிதன் மதிப்பில்லாததாக ஆக்கிவிடுகிறான். இந்த நோயைத் தம் சபைக்குள்ளேயே கண்டு வருந்தியவர் டீட்ரிச் போன்ஹோஃபர் என்ற லூத்தரன் பாதிரியார். ஹிட்லரின் ஆட்சியில் சபையினர் பலர் வாய்மூடி இருந்ததையும், சிலர் அவனுக்குத் துணைபோனதையும் அவர் கண்டார். 1937-இல் வெளியான தம் நூலில், மனம் திருந்தாமலே மன்னிப்பு, பின்பற்றாமலே விசுவாசம் என்று திருச்சபை வழங்குவதை மலிவான கிருபை என்று கண்டித்தார். கிருபை இலவசம்தான், ஆனால் அதைப் பெற்றவனிடம் அது அவன் வாழ்வு முழுவதையும் கேட்கிறது என்பது அவர் கருத்து. அவரிடமும் அது கேட்டது. ஹிட்லரை எதிர்த்த குற்றத்துக்காக 1945 ஏப்ரல் 9-இல் ஃப்ளோசன்பர்க் சிறை முகாமில் தூக்கிலிடப்பட்டார். "நம்பினால் போதும் என்பவர்கள்" என்று நாம் இளக்காரம் பேசிய கூட்டத்தில் இப்படிப்பட்டவரும் இருந்தார். வேதமுடையோர் எல்லோரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர் என்று திருமறை (3:113) கூறுவதை நாம் மறக்கலாகாது.

பிறகு 1999 அக்டோபர் 31-இல், லூதர் தம் வாதங்களை வெளியிட்ட அதே நாளில், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதனின் தகுதியால் அன்று, கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் மீதுள்ள விசுவாசத்தில் இறைவன் மனிதனை ஏற்றுக்கொள்கிறான். அவ்வாறு ஏற்கப்பட்டவன் நற்செயலுக்கு அழைக்கப்படுகிறான் என்பது அதன் சாரம். 2006-இல் மெதடிஸ்டு சபைகளின் உலக மன்றமும், 2017-இல் சீர்திருத்தச் சபைகளின் உலக அமைப்பும் இதனை ஏற்றன. எல்லாக் கருத்து வேற்றுமையும் தீர்ந்துவிடவில்லை. ஆயினும், எந்தக் கேள்வியில் ஒருவரையொருவர் சபித்தார்களோ, அதே கேள்வியில் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரே தாளில் கையெழுத்திட்டார்கள்.

நாம் பிரியும் இடம்

இவ்வளவும் சொன்னதால், இரண்டும் ஒன்றே என்று நாம் கூறுவதாக எவரும் எண்ண வேண்டாம். பிரியும் இடம் தெளிவாகவே உள்ளது. கிருபை வேண்டும் என்பதில் பிரிவில்லை. அது எந்த வழியாக வருகிறது என்பதில்தான் பிரிவு. ஈஸா (அலை) அவர்கள் சிலுவையில் இறந்து மனித குலத்தின் பாவத்தைச் சுமந்தார்கள், அந்தப் பரிகாரத்தின் வழியாகவே கிருபை வருகிறது என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. நீதியும் அன்பும் அங்கே சந்திக்கின்றன, பாவத்தின் விலையை இறைவன் தானே ஏற்றுக்கொண்டான் என்று அவர்கள் விளக்கம் கூறுவர்.

நமக்கோ, ஈஸா (அலை) அவர்கள் கண்ணியமிக்க நபி. அவர்களைக் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை என்பது திருமறையின் தீர்ப்பு (4:157). ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் (53:38). மன்னிக்க அல்லாஹ்வுக்கு விலையும் தேவையில்லை, பலியும் தேவையில்லை. அடியான் திரும்பினால் அவன் மன்னிக்கிறான். தங்களுக்கே அநீதி இழைத்துக்கொண்ட அடியார்கள் அவன் ரஹ்மத்தில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று அவனே அழைக்கும் அழைப்பில் (39:53) இடையில் எந்தக் கட்டணமும் குறிக்கப்படவில்லை. இது நம் அகீதா. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

நம் வீட்டுக் கணக்கு

இனி நம் வீட்டுக்குள் வருவோம். இதே கேள்வி நம்மிடையே எழவில்லையா? எழுந்தது. பெரும்பாவம் செய்தவன் காபிராகிவிட்டான் என்றனர் கவாரிஜ்கள். ஈமான் இருக்கும்போது பாவம் தீங்கு செய்யாது என்று சொல்லுமளவுக்குப் போயினர் முர்ஜிஆக்களில் சிலர். நல்லவனுக்குக் கூலி கொடுப்பது அல்லாஹ்வின் மீது கடமை என்றனர் முஃதஸிலாக்கள். ஆகவே ஐரோப்பாவின் சண்டையைப் பார்த்து நாம் நெஞ்சு நிமிர்த்த இடமில்லை. ஹிஜ்ரி 40-இல் ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களை வெட்டியவன் தொழுகையற்ற ஒருவனல்லன். வணக்கத்தில் பெயர் பெற்ற கவாரிஜ் கூட்டத்தைச் சேர்ந்தவன். அமல் மலைபோல் குவிந்திருந்தும் நெஞ்சில் ரஹ்மத்து இல்லாதபோது அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அஹ்லுஸ்ஸுன்னத் வல் ஜமாஅத்தின் இமாம்கள் நடுவழியைப் பிடித்தார்கள். அமல் ஈமானின் ஒரு பகுதியா என்பதில் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களுக்கும் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களுக்கும் விளக்கத்தில் வேறுபாடு உண்டு. ஆயினும் பாவியான முஃமின் இஸ்லாத்தை விட்டு வெளியேறுவதில்லை, அவன் கேள்வி கணக்குக்கு உரியவன், அவன் முடிவு அல்லாஹ்வின் நாட்டத்தில் உள்ளது என்பதில் இருவரும் ஒன்று. அதனால்தான் நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் ஹனபியும் ஷாபிஈயும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஒரு ஹதீது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. உங்களில் எவரையும் அவருடைய அமல் ஈடேற்றாது என்ற கருத்தில் அவர்கள் கூறியபோது, தங்களையுமா என்று தோழர்கள் வியந்து கேட்டனர். ஆம், அல்லாஹ் தன் ரஹ்மத்தால் என்னை மூடிக்கொண்டாலன்றி என்னையும் ஈடேற்றாது என்றே அண்ணலார் விடை பகர்ந்தார்கள். கால் வீங்க நின்று தொழுதவர்களின் விடை இது!

அப்படியானால், நீங்கள் செய்தவற்றின் காரணமாகச் சுவனத்தில் நுழையுங்கள் என்று வானவர்கள் கூறுவதாகத் திருமறையில் (16:32) வருகிறதே, இது முரணாகாதா? இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இதற்கு விளக்கம் தந்துள்ளார்கள். சுவனத்தில் நுழைய அமல் காரணமாகிறது என்பது உண்மை. ஆனால் அந்த அமலைச் செய்ய தவ்பீக் கிடைத்ததும், அதில் இக்லாஸ் கிடைத்ததும், அது ஏற்றுக்கொள்ளப்பட்டதும் ரஹ்மத்தைக் கொண்டேயாகும். ஆகவே, அமல் மட்டும் தனித்து நின்று ஈடேற்றியது என்று சொல்ல இயலாது. சிந்தித்துப் பாருங்கள். விதைத்தவன் விவசாயிதான். ஆனால் மண்ணையும் மழையையும், விதைக்குள் இருந்த உயிரையும் அவனா படைத்தான்? அதற்காக, மழை தருபவன் அல்லாஹ்தானே என்று விதைக்காமல் வரப்பில் படுத்திருப்பவன் அறுவடையை எதிர்பார்க்கலாமா? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் இஹ்யாவில் விவசாயத்தையே உவமையாகக் காட்டி, விதைத்து நீர் பாய்ச்சியபின் எதிர்பார்ப்பதே உண்மையான ஆதரவு, விதைக்காமல் எதிர்பார்ப்பது வெறும் ஏமாற்றம் என்று பிரித்துக் காட்டியுள்ளார்கள்.

இப்பொழுது நம்மையே கேட்டுக்கொள்வோம். நம் வீடுகளில் இரு நோய்களும் இல்லையா? ஒரு நோய், கடைக்காரரின் பேரேட்டைப் போல் நன்மையை எண்ணுவது. இத்தனை தஸ்பீஹுக்கு இத்தனை நன்மை, இந்த இரவுக்கு இத்தனை ஆண்டு நன்மை என்று கூட்டிப் பார்த்து, கூட்டுத்தொகை பெரிதானதும் தொழாத அண்டை வீட்டாரை ஏளனமாகப் பார்ப்பது. நன்மையின் அளவை நபிகளார் சொன்னது ஆர்வமூட்டுவதற்கு. அல்லாஹ்விடம் பில் போட்டு நீட்டுவதற்கன்று. இஸ்லாத்தை ஏற்றதையே நபியவர்களுக்குச் செய்த உபகாரமாகச் சொல்லிக் காட்டிய கிராமத்து அரபிகளிடம், உங்களுக்கு ஈமானின் வழியைக் காட்டி உபகாரம் செய்தவன் அல்லாஹ்தான் என்று சொல்லும்படி இறைவன் கட்டளையிட்டான் (49:17). ஜெர்மனியின் சந்தைகளில் சீட்டு வாங்கியவர்களைப் பார்த்துச் சிரிக்கும் நாம், ஹராமான வருமானத்தில் ஒரு பகுதியைப் பள்ளிவாசல் மினாராவுக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்குவது என்ன நியாயம்?

மற்றொரு நோய், "அல்லாஹ் கபூருர் ரஹீம், பார்த்துக்கொள்வான்" என்று படுத்துக்கொள்வது. "நாம் நபியின் உம்மத்து, ஷபாஅத் இருக்கிறது" என்று தங்கையின் சொத்துப் பங்கை விழுங்குவது. மலிவான கிருபை என்று அந்தப் பாதிரியார் கண்டித்த சரக்கு நம் கடையிலும் இருக்கிறது. உங்கள் வீண் ஆசையின்படியும் நடக்காது, வேதமுடையோரின் வீண் ஆசையின்படியும் நடக்காது, தீமை செய்தவர் அதற்குரிய பலனைக் காண்பார் என்ற கருத்துள்ள ஆயத்தை (4:123) ஓதிப் பாருங்கள். அவர்களைப் பற்றிச் சொல்வதற்கு முன், அந்த ஆயத்து நம்மைத்தான் முதலில் சொல்கிறது!

அந்தத் தாய்க்கு

அந்தச் சகோதரரிடம் நாம் இவ்வாறு கூறினோம்: "தம்பி, உம்மாவின் ஈமானுக்கு ஒரு பழுதும் இல்லை. கிருபை என்ற சொல் அந்த நர்சம்மாவுக்கு மட்டும் சொந்தமானதன்று. 'அல்லாஹ்வின் கிருபையால் நலம்' என்று கடிதம் எழுதியவர்கள்தான் நம் பாட்டனார்கள். எந்த வழியாகக் கிருபை வருகிறது என்பதில் அவர் நம்பிக்கை வேறு, நம் நம்பிக்கை வேறு. உம்மா அவருடைய வழியை ஏற்கவில்லை. தன் ரப்பின் ரஹ்மத்தை நினைத்தார்கள். இரவில் கண்விழித்து உம்மாவின் கையைப் பிடித்த அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லுங்கள். மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவராக மாட்டார் என்பது நபிமொழியின் கருத்து. ஆனால் ஒன்று. அவர் சொல்வதற்கு முன் நீங்களல்லவா அந்த ஹதீதை உம்மாவின் காதில் சொல்லியிருக்க வேண்டும்? நாங்கள் ஆலிம்களல்லவா அதை உங்களுக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும்? நரகத்தை வர்ணித்த அளவுக்கு ரஹ்மத்தை நாங்கள் வர்ணித்தோமா?"

அவர் தலை குனிந்தார். நாமும் குனிந்தோம்.

"உம்மாவை அச்சத்திலேயே விட்டுவிடாதீர்கள். அல்லாஹ்வைப் பற்றி நல்லெண்ணம் கொண்ட நிலையிலேயே நீங்கள் மரணமடைய வேண்டும் என்ற கருத்தை, அண்ணலார் (ஸல்) தம் வபாத்துக்கு மூன்று நாட்களுக்கு முன் கூறியதாக ஜாபிர் (ரலி) அறிவித்துள்ளார்கள். உடல் நலமாக இருக்கும்போது அச்சம் மிகுந்திருக்கட்டும், படுக்கையில் விழுந்தபின் ஆதரவு மிகுந்திருக்கட்டும் என்று நம் பெரியோர்கள் கூறியதும் இதற்காகத்தான். அதோடு, இன்றைய மஃக்ரிபை உம்மா படுத்தபடியே தலையசைத்துத் தொழட்டும். விட்டுப்போனவற்றுக்குத் தவ்பாச் செய்யட்டும்; முடிந்ததைக் களாச் செய்யட்டும். பழைய கடனை அடைத்துவிடும் விலையாக அல்ல. மன்னிப்பவனின் வாசலில் தட்டும் தட்டாக."

இரு வாரங்களுக்குப் பின் அத்தாயின் ஜனாஸாவை நாமே தொழ வைத்தோம். கடைசி நாட்களில் ஒரு வக்தும் விடவில்லை என்றும், முன்போல் அழவில்லை என்றும் மகன் கூறினார். அன்று அடக்கம் முடிந்து திரும்பும்போது, அந்த நர்சம்மாவும் கபரஸ்தான் வாசலுக்கு வெளியே சற்றுத் தள்ளி நின்றிருந்ததைக் கண்டோம். மகன் அவரிடம் சென்று இரு கைகளையும் நெஞ்சில் வைத்து நன்றி கூறினார்.

நாளை மறுமையில் நம் கையில் இருக்கப்போவது என்ன? குறைகள் நிறைந்த சில தொழுகைகள், நினைவு சிதறிய சில நோன்புகள், பெயருக்காகக் கொடுத்த சில தர்மங்கள். அவற்றைக் கொண்டு சுவனத்தின் ஒரு செங்கல்லையும் நாம் வாங்க இயலாது. ஆயினும் வெறுங்கையோடு வரச் சொல்லவில்லை அவன். கொண்டு வா, நான் நிறைவாக்கித் தருகிறேன் என்பதுபோல் அழைக்கிறான். ஆகவே விதைப்போம், விதைத்ததை எண்ணிப் பெருமை கொள்ளாதிருப்போம், மழைக்காகக் கையேந்தி நிற்போம்.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் ஸாலிஹான அமல்களைச் செய்ய தவ்பீக் செய்து, அவ்வமல்களின் மீது அல்லாமல் தன் ரஹ்மத்தின் மீதே ஆதரவு வைக்கும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.